சிவப்புப் பொத்தானும் இரண்டு ஒயரும்

"ரெக்கார்டிங் பாக்ஸ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம் மேடம்" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது வாயைத் திறந்தால் போதும், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடுவார்கள். மணி அடிக்கும்வரை நான் ஓயமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டவர் பாவம், எத்தனை ஜிபி வாங்கலாம் என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர். நான் ஜிபியில் ஆரம்பிப்பதே இல்லை. "மொட்டை மாடியிலேர்ந்து டிவி வரைக்கும் எத்தனை ஒயர் வருது?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். ஒரு டிவி, ஐந்து பேர். சாயங்காலம் விளக்கேற்றியதிலிருந்து ராத்திரி சாப்பாடுவரை அத்தைக்கு சீரியல். மாமாவுக்கு எந்தச் சேனலிலாவது யாராவது செய்தி வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணவருக்கு கிரிக்கெட், இந்தியா ஆடாத மேட்ச்சையும் விடமாட்டார். பையனுக்கு அப்போது சுட்டி டிவி. நான் கச்சேரிப் பைத்தியம். நாங்கள் சண்டை போடுகிற குடும்பம் இல்லை. சண்டைக்குப் பதிலாக ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு வேறு அறையில் உட்காருவோம். மார்கழி மாதம் முழுக்க என் முகம்தான் மேலே இருக்கும்.

2012-ல் டாடா ஸ்கை பிளஸ் எச்டி பெட்டி வந்தது. இன்றைக்கு டாடா பிளே என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் டாடா ஸ்கைதான். உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு டியூனர், ரிமோட்டில் ரெக்கார்டுக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் எனக்கு அலுக்காது.

இது ஒன்றும் நம் ஊரில் முளைத்த அதிசயம் இல்லை. அமெரிக்காவில் டிவோ என்ற பெட்டி 1999-லேயே கடைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஸ்கை பிளஸ் 2001-ல் வந்தது. நம் ஊருக்கு டாடா ஸ்கை 2006-ல் வந்து, இரண்டு வருஷம் கழித்து பிளஸ் பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்கெல்லாம் முன்னால் டெக் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பதிவதற்காக மூன்று மணி நேர கேஸட்டைப் போட்டுவிட்டு, எங்கள் அப்பா டிவிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார். டைமர் வைக்கிற வித்தை அந்தத் தெருவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. வீட்டில் டிவியைப் பதிந்து பிறகு பார்ப்பது திருட்டா என்று ஹாலிவுட் நிறுவனங்கள் சோனியைக் கோர்ட்டுக்கு இழுத்து, 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 'திருட்டு இல்லை' என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு நீதிபதி மனம் மாறியிருந்தால் அத்தையின் சீரியல்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

டெக்கில் பதிந்தால் படம் மங்கும், அதை இன்னொரு கேஸட்டுக்கு ஏற்றினால் இன்னும் மங்கும். டிஜிட்டல் பெட்டியில் அந்தப் பேச்சே கிடையாது. காரணம் இதுதான்: செயற்கைக்கோளிலிருந்து படம் எம்பெக் என்ற முறையில் சுருக்கப்பட்டு, வெறும் எண்களாகத்தான் வருகிறது. பெட்டி அந்த எண்களை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. பிறகு நாம் பார்க்கும்போது எடுத்து விரிக்கிறது. நேரலையில் என்ன வந்ததோ அதில் ஒரு புள்ளி கூடக் குறையாது. முதல் நாள் ஒரு கச்சேரியைப் பதிந்து, பாடகியின் புடவை ஜரிகை வரைக்கும் துல்லியமாகத் தெரிந்ததைப் பார்த்தபோது நான் கை தட்டினேன். வீட்டில் யாரும் இல்லை, தாராளமாகத் தட்டினேன்.

இனி ஒயர் விஷயம். கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் எல்என்பி என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. கீழே இருக்கும் பெட்டி ஒயர் வழியாகவே அதற்குக் கட்டளை அனுப்பும். 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்தாக வரும் அலைகளைப் பிடித்துத் தரும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டமாக வருபவற்றை. ஒரு ஒயரில் ஒரு சமயத்தில் ஒரு கட்டளைதான் போகும். ஆகவே, ஒரு டியூனர் ஒரு பக்கத்துச் சேனலையும் இன்னொரு டியூனர் மறு பக்கத்துச் சேனலையும் கேட்க வேண்டுமென்றால் மாடியிலிருந்து இரண்டு ஒயர் இறங்கியாக வேண்டும், மேலே இரட்டை வாய் எல்என்பி இருந்தாக வேண்டும். "எதுக்கு ரெண்டு ஒயரு, ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டாப் போச்சு" என்று யார் சொன்னாலும், சொல்பவர் கையில் டெஸ்டரே வைத்திருந்தாலும், நம்பாதீர்கள். ஒரே ஒயரில் பல டியூனரை ஓட்டும் யூனிகேபிள் என்ற முறை வேறு. அதற்குத் தனி எல்என்பி, அதற்கேற்ற பெட்டி, எல்லாம் வேண்டும்.

ஒரு டியூனர் பெட்டியில் என்ன குறை? ஏழரை மணி சீரியல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கிரிக்கெட்டுக்குப் போக முடியாது. போனால் பதிவு அறுந்துவிடும். ரெக்கார்டர் வாங்கியும் ரிமோட் அத்தை கையில்தான் இருக்கும். இரண்டு டியூனர் இருந்தால் சீரியல் ஒன்றில் பதிவாகும், கிரிக்கெட் இன்னொன்றில் ஓடும். இரண்டையும் பதிய விட்டுவிட்டு, நேற்றைக்குப் பதிந்த கச்சேரியை நான் மூன்றாவதாகப் பார்க்கலாம். முதன்முதலில் இதைச் செய்து காட்டியபோது மாமா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். அவர் எதற்கும் எழுந்து வருகிறவர் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: ஜிபியைப் பார்ப்பதற்கு முன்னால் டியூனரை எண்ணுங்கள். டிஸ்க் நிறைந்தால் எதையாவது அழிக்கலாம். டியூனர் போதவில்லையென்றால் மனுஷர்களைத்தான் சமாதானப்படுத்த வேண்டும்.

அடுத்தது நிறுத்துவது. நேரலையில் ஓடும் நிகழ்ச்சியை அப்படியே நிறுத்தி வைக்கலாம் என்றதும் அத்தை நம்பவில்லை. "நான் நிறுத்தினா டிவிக்காரன் எப்படிம்மா நிறுத்துவான்?" நியாயமான கேள்விதான். டிவிக்காரன் நிறுத்துவதில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் சேனலை, நாம் கேட்காமலேயே, பெட்டி சதா டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் படிப்பதை மட்டும் நிறுத்தும், எழுதுவதை நிறுத்தாது. அத்தைக்கு இதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கதாநாயகியின் மாமியார் விட்ட இடத்திலேயே வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரெக்கார்டரின் தலைமை ரசிகை நான் இல்லை.

சீரியலுக்கு அத்தை தானாகவே ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. அரை மணி சீரியலுக்கு ஆறு நிமிஷம். அதோடு முன்கதைச் சுருக்கம், நாளைய பகுதியின் முன்னோட்டம், யாராவது அதிர்ச்சியடைந்தால் ஒரே முகத்தை மூன்று கோணத்தில் காட்டுவது. ஏழரை மணி சீரியலை ஏழு நாற்பதுக்கு ஆரம்பித்து, வேண்டாததை வேகமாக ஓட்டிக்கொண்டே வந்தால் எட்டு மணிக்கு ஊரோடு சேர்ந்து முடித்துவிடலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு ரசம் வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் அவர் ஓட்டவே விடமாட்டார்: டைட்டில் பாட்டு. அதை ஓட்டினால் அபசகுனமாம். அதில் நான் தலையிடுவதில்லை.

ஒரு தொடரை ஒருமுறை குறித்துவிட்டால் பெட்டி தினமும் தானே பதிந்துவிடும். ஆனால் பட்டியலில் இருக்கிற நேரமும் சேனல்காரர்கள் போடுகிற நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகையால் முன்னால் இரண்டு நிமிஷம், பின்னால் பத்து நிமிஷம் கூட்டி வைத்துக்கொள்வது என் வழக்கம். கிரிக்கெட் என்றால் பின்னால் ஒரு மணி நேரம். தாமதமாக முடிகிற மேட்ச்சில் கடைசி ஓவர் பதிவாகாமல் போன வீடுகளில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிரிக்கெட் என்றதும் 2013 நவம்பர் 16 ஞாபகம் வருகிறது. சச்சினின் கடைசி டெஸ்ட், வான்கடே மைதானம். ஐந்து நாள் மேட்ச், மேற்கிந்தியத் தீவுகள் மூன்றாம் நாள் காலையிலேயே சுருண்டுவிட்டது. சனிக்கிழமை. அன்றைக்கு என் கணவர் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பாஸ்புக் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஐந்து நாளையும் காலையிலிருந்து மாலைவரை முழுதாகக் குறித்து வைத்திருந்தார். மத்தியானம் வந்தவர் யாரிடமும் பேசவில்லை, செல்போனை அணைத்திருந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக டிவி முன்னால் உட்கார்ந்தார். கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, அப்பாவில் ஆரம்பித்து ஒவ்வொருவராக நன்றி சொல்லி, சச்சின் பேசினார். மைதானம் மொத்தமும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. இதைப் பிறகு எத்தனையோ இடத்தில் துண்டு துண்டாகப் பார்க்கலாம், எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலை முழுசாக, விக்கெட் விழுந்தது முதல் அவர் ஆடுகளத்தைத் தொட்டுக் கும்பிட்டதுவரை ஒரே ஓட்டமாக எங்கள் பெட்டியில் இருக்கிறது. அதை அழிக்கக்கூடாது என்று பூட்டிவைத்திருக்கிறார்.

ரெக்கார்டரில் தாமதமாகக் கிரிக்கெட் பார்ப்பதில் ஒரே தொல்லை பக்கத்து வீடு. நாம் நாற்பதாவது ஓவரில் இருப்போம், சுவருக்கு அந்தப் பக்கம் "அவுட்டு!" என்று ஒரு கூச்சல் வரும். அதற்கு எந்தக் கம்பெனியும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை.

ஜிபி எத்தனை வேண்டும்? இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் ஒரு பைட். நொடிக்கு ஒரு மெகாபைட், மணிக்கு 3.6 ஜிபி. 500 ஜிபியில் ஏறக்குறைய 138 மணி நேரம். சாதாரண சேனல் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நாலு மடங்கு அதிகம் பிடிக்கும். சீரியலுக்கு இது கடல். ஒரு டெஸ்ட் மேட்ச்சை எச்டியில் பதிந்தால் முப்பது மணி நேரம், நூறு ஜிபிக்கு மேல் போய்விடும். கிரிக்கெட் ரசிகர் இருக்கும் வீட்டில் டிஸ்க் பெரிதாக இருக்கட்டும். மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம்.

அந்த ஹார்ட் டிஸ்க் ராப்பகலாகச் சுழன்றுகொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் வருவதுபோல் இல்லாமல், இப்படி ஓயாமல் எழுதுவதற்கென்றே தயாரிக்கும் டிஸ்க்குகள் உண்டு. அதன் சூடு வெளியே போக பெட்டியின் மேலே வலைமாதிரி ஓட்டைகள் வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் முதல் வேலையாக அதன்மேல் பூப்போட்ட துணியை விரித்து, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை வைப்போம். தயவுசெய்து வேண்டாம். பொம்மைக்கு வேறு இடம் பாருங்கள். படுக்கையறையிலும் வைக்காதீர்கள், நடுராத்திரியில் மெல்லிய ரீங்காரம் கேட்கும், சிலருக்குத் தூக்கம் வராது.

பெட்டி வாங்கிய வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்தது, வருவதும் போவதும் அதன் இஷ்டம். நாங்கள் இன்வெர்ட்டர் லைனில் ரெண்டு ஃபேன், ஒரு டியூப்லைட், கூடவே இந்தப் பெட்டி என்று இழுத்துவிட்டோம். டிவியை இழுக்கவில்லை, இன்வெர்ட்டர் தாங்காது. பலருக்குத் தெரியாத விஷயம் இதில்தான் இருக்கிறது: பதிவதற்கு டிவி ஓட வேண்டியதே இல்லை. பெட்டிக்குக் கரண்டும் டிஷ்ஷும் போதும். தெருவே இருட்டாக இருக்கும், எல்லோரும் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார்கள், எங்கள் வீட்டு ஹாலில் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் தெருவில் பாதிப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அத்தைக்கு அந்த ஒரு வருஷம் இருந்த செல்வாக்கு வார்டு கவுன்சிலருக்கும் இருந்திருக்காது.

மழைக்கு மட்டும் மருந்து கிடையாது. டிடிஎச் வருகிற அலைவரிசையைக் கனமழை விழுங்கிவிடும். ஐப்பசியில் சாயங்காலம் இடியோடு கொட்டும்போது திரையில் கட்டம் கட்டமாகி நின்றுபோகும். வராததை எந்தப் பெட்டியும் பதிய முடியாது. டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, சிக்னல் அளவை முடிந்தவரை உயரத்தில் வைத்திருந்தால் சாதாரண மழையைத் தாண்டிவிடலாம்.

அத்தைக்கு முழங்கால் வலி வந்த பிறகு வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. ஸ்ரீரங்கத்திலேயே இருந்துகொண்டு சொர்க்கவாசல் திறப்பைப் பார்க்க முடியாதது அவருக்குப் பெரிய குறை. விடிவதற்கு முன் நடக்கும் நேரலையை இப்போது பதிந்துவைக்கிறேன். குளித்துவிட்டு, மடி உடுத்திக்கொண்டு, தன் நேரத்துக்கு உட்கார்ந்து பார்ப்பார். நம்பெருமாள் ரத்தினாங்கியில் வெளியே வரும் காட்சியில் ஒருமுறை நிறுத்துவார், கன்னத்தில் போட்டுக்கொள்வார், மறுபடி ஓடவிடுவார். பெருமாளை நிறுத்தலாமா என்று மாமா கிண்டல் செய்தார். "அவர் எனக்காக நிக்கறார்" என்று பதில் வந்தது.

இவ்வளவு புகழ்ந்தாலும் டிடிஎச் பெட்டியிடம் எனக்கு ஒரு குறை உண்டு, இது ஏதோ ஒரு நிறுவனத்தின் குறை அல்ல, பொதுவான ஏற்பாடு. அதில் பதிவதெல்லாம் பூட்டிய பதிவுகள். அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெரும்பாலும் சந்தா கட்டினால்தான் ஓடும். ஹார்ட் டிஸ்க் இல்லாமல், நாமே பென் டிரைவோ வெளி டிஸ்க்கோ செருகிப் பதிகிற பெட்டிகளும் நிறைய இருக்கின்றன, விலை குறைவு. செருகிய டிஸ்க்கைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: பதிவு வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டா, எத்தனை டியூனர், பெட்டி ரிப்பேரானால் பதிவுகள் என்ன ஆகும். மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் சிரித்தால் அதுதான் பதில்.

சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் இது பரவாயில்லை, பார்த்து அழிக்கிற சரக்கு. திருவையாறை என்ன செய்வது?

அங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் வரும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஏதோ ஒரு கிழமை. காலை நேரத்தில் காவிரிக் கரையில் வித்வான்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பஞ்சரத்னக் கிருதிகளைச் சேர்ந்து பாடுவதைத் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டும். அந்த நேரத்தில் நான் முதல் பீரியடில் இருப்பேன். நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீ ராகத்தில் முடிகிற அந்த ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு வருஷமும் சேர்த்துவைக்க வேண்டும் என்பது என் ஆசை. பூட்டிய பதிவில் சேர்த்து என்ன பிரயோஜனம்?

அதற்குத்தான் இரண்டாவது பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, சந்தா எதுவும் தேவையில்லாத எம்பெக்-4 ரிசீவர். ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. மாடியில் இன்னொரு சின்ன டிஷ். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய இலவச டிடிஎச் சேவை, இன்றைக்கு டிடி ஃப்ரீ டிஷ், கிழக்கே 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டாடா ஸ்கை டிஷ் பார்ப்பது 83 பாகையை. ஒரே எல்என்பி இரண்டையும் பார்க்காது, நான் தனி டிஷ்ஷே வைத்துவிட்டேன். மாடியில் இரண்டு டிஷ் நிற்பதைப் பார்த்ததிலிருந்து என் கணவர் மொட்டை மாடியை ஸ்ரீஹரிகோட்டா என்றுதான் சொல்கிறார். துணி காயப்போட "ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போய்ட்டு வரேன்" என்று பையனும் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

இந்தச் சின்ன ரிசீவர் இருக்கிறதே, அதன் அழகு கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பெட்டி, ரிமோட்டில் எழுத்து ஒரு மாதத்தில் அழிந்துவிடும், மெனுவில் இங்கிலீஷ் ஒரு மாதிரியாக இருக்கும். ஆனால் பின்னால் ஒரு யுஎஸ்பி துளை. அதில் டிஸ்க்கைச் செருகிப் பதிந்தால் வெறும் டிஎஸ் கோப்பு, பூட்டு கிடையாது, சாவி கிடையாது. எடுத்துப் போய் லேப்டாப்பில் விஎல்சியில் போட்டால் சொக்கத் தங்கமாக ஓடும். பொதிகை, இப்போது டிடி தமிழ், அதில் வருகிற கச்சேரி, நாட்டியம், பேட்டி எல்லாம் எனக்கே எனக்கு. ஃபோல்டர் ஃபோல்டராக வருஷம் போட்டு வைத்திருக்கிறேன்.

இதிலும் சில சூட்சுமங்கள் உண்டு. பென் டிரைவ் வேண்டாம். பதிந்துகொண்டே ஆரம்பத்திலிருந்து பார்க்கும்போது ஒரே சமயத்தில் எழுதவும் படிக்கவும் வேண்டும், மலிவான பென் டிரைவ் மூச்சு வாங்கும். டிஸ்க்கை ஃபேட்32 முறையில் வைத்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீளமான கச்சேரி துண்டு துண்டாக விழும், தனியாவர்த்தனத்தின் நடுவில் கூட வெட்டும். ரிசீவர் ஏற்றுக்கொண்டால் வேறு முறைக்கு மாற்றிவிடுங்கள். அந்த யுஎஸ்பி துளை கொடுப்பது அரை ஆம்பியர் மின்சாரம்தான். சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், தனியாகக் கரண்ட் எடுக்கும் டிஸ்க்காகப் பாருங்கள்.

இதில் ஒரே டியூனர்தானே, இவ்வளவு நேரம் என்ன பேசினாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஒரு டியூனர் பிடிப்பது ஒரு சேனலை அல்ல, ஒரு டிரான்ஸ்பாண்டரை. அதில் பல சேனல்கள் ஒன்றாக ஏறி வரும். ஒரே டிரான்ஸ்பாண்டரில் வருபவையாக இருந்தால், ஒன்றைப் பதிந்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம், ஒரு டியூனரே போதும். எது எதோடு வருகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். தூர்தர்ஷன்காரர்கள் அவ்வப்போது மாற்றிவிடுவார்கள், நானும் அடித்துத் திருத்துவேன்.

"இப்பதான் எல்லாம் ஓடிடியில இருக்கே மேடம்" என்று இளைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். டிடிஎச் நிறுவனங்களே இணையத்தோடு இணைகிற ஆண்ட்ராய்டு பெட்டிகளைத்தான் முன்னால் வைக்கின்றன. உள்ளே டிஸ்க் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. ஓடிடி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பதெல்லாம் அவர்கள் வைத்திருக்கும்வரை. போன மாதம் பாதி பார்த்த படம் இந்த மாதம் இருக்காது. ஒரு உள்ளூர்க் கச்சேரியை, ஒரு தேர்த் திருவிழாவை, மறுபடி யாரும் போடப்போவதில்லை என்று தெரிந்த ஒரு பழைய வித்வானின் பேட்டியை, அது வருகிற நேரத்தில் பிடிக்க ஒரு ரெக்கார்டர்தான் வேண்டும். நெட் போனாலும் அது ஓடும்.

என் சிபாரிசு கேட்டால், கூட்டுக் குடும்பமும் சீரியலும் கிரிக்கெட்டும் இருக்கும் வீட்டுக்கு இரண்டு டியூனர் டிடிஎச் ரெக்கார்டர், எப்பாடுபட்டாவது. பாட்டும் நாட்டியமும் சேர்க்கிறவர்களுக்கு ஃப்ரீ டிஷ்ஷும் அந்த பிளாஸ்டிக் ரிசீவரும். இரண்டும் இருந்தால் நீங்கள் என் கட்சி.

நான் இப்போது கண் வைத்திருப்பது வேறு ஒன்றின்மேல். லினக்ஸில் ஓடும் வூ பிளஸ் என்ற கொரியப் பெட்டி. அதில் எஃப்பிசி என்று ஒரு டியூனர் வருகிறது. மாடியிலிருந்து அதே இரண்டு ஒயர்தான், உள்ளே எட்டு டியூனராகப் பிரித்துக்கொள்கிறது. எட்டு! இலவசச் சேனல்களை ஒரே நேரத்தில் எட்டு இடத்திலிருந்து பதியலாம். ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். கணவர் விலையைக் கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். அத்தைதான் கவனமாகக் கேட்டார். "எட்டுல ஆறு எனக்குப் போதும்மா, மிச்சத்த நீங்க பிரிச்சுக்கோங்க" என்றார். அவர் பார்க்கிற சீரியல் சேனல் ஒன்று கூட இலவசத்தில் வராது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. பெட்டி வந்து சேரட்டும்.